அலுவலக நாற்காலி: வடிவமைப்பு வரலாறு

அலுவலக நாற்காலி என்பது மேசை முன் அமர்ந்து நெடுநேரம் வேலை செய்பவருக்கென அமைக்கப்பட்ட இருக்கையாகும். இன்று பெரும்பாலும் காணப்படும் வடிவத்தில் ஐந்து கிளைகள் கொண்ட அடித்தளம், ஒவ்வொரு கிளையிலும் ஒரு சக்கரம், உயரத்தை ஏற்றி இறக்கும் நடுத்தண்டு, சுழலும் இருக்கை, சாயும் முதுகுத்தாங்கி, கைத்தாங்கிகள் ஆகியவை உள்ளன. கடைகளில் இது ‘ரிவால்விங் சேர்’, ‘ஹைட்ராலிக் சேர்’ என்ற பெயர்களில் விற்கப்படுகிறது.

இந்த நாற்காலிக்கு எப்போதும் இரண்டு வேலைகள் இருந்துள்ளன. ஒன்று, உட்கார்பவரின் உடலைத் தாங்குவது. மற்றொன்று, அவர் யார் என்பதைப் பிறருக்குக் காட்டுவது. தமிழ்நாட்டில், குறிப்பாக மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், இரண்டாவது வேலையே முதலில் வந்தது. உடலைப் பற்றிய அக்கறை மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது.

பெயர்

நான்கு கால்களை உடையது நாற்காலி. மூன்று கால்களை உடையது முக்காலி. இன்றைய அலுவலக நாற்காலிக்கு ஐந்து கால்கள் இருந்தும் அதை யாரும் ‘ஐங்காலி’ என்று அழைப்பதில்லை. பொருள் மாறிய பின்பும் பெயர் மாறாமல் நின்றுவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இலங்கைத் தமிழில் இதற்குக் ‘கதிரை’ என்று பெயர். இது போர்த்துக்கேய மொழியின் ‘கதெய்ரா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நாற்காலியோடு சேர்ந்து இருக்கும் மேசையும், அருகில் நிற்கும் அலமாரியும் அதே மொழியிலிருந்து வந்த சொற்களே. அலுவலக அறையில் உள்ள பொருள்களின் பெயர்களைப் பார்த்தாலே அந்த அறை எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

தமிழில் நாற்காலி என்றால் பதவி என்றும் பொருள். ‘நாற்காலிச் சண்டை’, ‘நாற்காலி ஆசை’ என்று சொல்லும்போது யாரும் மரச்சாமானை நினைப்பதில்லை.

தரையில் நடந்த அலுவலகம்

நாற்காலி வருவதற்கு முன்பும் இங்கு அலுவலகங்கள் இருந்தன. கோயில் கணக்கு, நிலவரிக் கணக்கு, வணிகக் கணக்கு எல்லாம் தரையில் அமர்ந்தே எழுதப்பட்டன. இதற்குக் காரணம் எழுதும் கருவியிலேயே இருக்கிறது. பனையோலையில் எழுதுபவர் ஓலையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையில் எழுத்தாணியை வைத்து, இடக்கைப் பெருவிரலின் துணையோடு எழுத்தைக் கீறுவார். அவருக்கு மேசை தேவையில்லை. மேசை இல்லாதபோது நாற்காலியும் தேவையில்லை. பாயோ, திண்ணையோ போதும்.

தாளும் மைப்பேனாவும் வந்தபின் நிலைமை மாறியது. மை சிந்தாமல், தாள் மடங்காமல் எழுத ஒரு சமதளம் வேண்டும். கணக்குப்பிள்ளைகள் இதற்கு ஒரு நடுவழி கண்டனர். மூடி சாய்வாக அமைந்த சிறு மரப்பெட்டியை முன்னால் வைத்து, சம்மணமிட்டு அமர்ந்து, அதன் மேல் பேரேட்டை விரித்து எழுதினர். பெட்டிக்குள் பணமும் பத்திரங்களும் இருக்கும். தரையில் வெள்ளை மெத்தை விரித்து, திண்டில் சாய்ந்து, பெட்டியை முன்வைத்து வணிகம் செய்யும் முறை பழைய கடைத்தெருக்களில் நெடுங்காலம் நீடித்தது.

இந்த முறையில் முதலாளியும் கணக்கரும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமர்ந்தனர். வேறுபாடு இல்லாமல் இல்லை. யார் திண்ணையில் ஏறலாம், யார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்ற சாதிக் கட்டுப்பாடு கடுமையாகவே இருந்தது. ஆனால் அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு அப்போது நாற்காலி தேவைப்படவில்லை.

கச்சேரியும் பிரம்பு நாற்காலியும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் மதுரை 1790-இல் மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், தாலுகா அலுவலகம் ஆகியவை ‘கச்சேரி’ எனப்பட்டன. திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் நீதிமன்றமும் பிற அலுவலகங்களும் இயங்கின. சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைச் செப்பனிட்டார். 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடைபெற்றது. அரசர் அமர்ந்த மண்டபத்தின் தூண்களுக்கிடையே மேசைகளும் நாற்காலிகளும் போடப்பட்டன. வழக்கு சொல்ல வந்தவர் நின்றார், கேட்டவர் அமர்ந்திருந்தார்.

ஐரோப்பாவிலிருந்து வந்த மெத்தை வைத்த இருக்கைகள் இந்த வெயிலுக்கு ஒத்துவரவில்லை. மெத்தை வேர்வையைக் குடித்துக்கொள்ளும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், மூட்டைப்பூச்சிக்கு வீடாகும். எனவே தேக்கு அல்லது ஈட்டி மரச்சட்டத்தில் பிரம்பு பின்னிய இருக்கையே நிலைத்தது. சட்டத்தின் நான்கு பக்கங்களிலும் வரிசையாகத் துளையிட்டு, பிரம்புத் தோலை முதலில் நெடுக்கும் குறுக்கும், பின்னர் இரு மூலைவாட்டிலும் இழுத்துப் பின்னுவார்கள். பின்னி முடிந்ததும் எண்கோணக் கண்கள் தெரியும். அந்தக் கண்களின் வழியே காற்று போய்வரும். உட்கார்பவரின் எடைக்கேற்பப் பிரம்பு சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். மின்விசிறி இல்லாத காலத்தில் இதைவிடப் பொருத்தமான இருக்கை மதுரைக்குக் கிடைத்திருக்காது.

சில ஆண்டுகளில் பின்னல் தொய்ந்து நடுவில் கிழியும். நாற்காலி கெடாது, பின்னலை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பின்னல் வேலை விரல்களின் தொடுவுணர்வால் செய்யத்தக்கது என்பதால் பார்வையற்றோருக்கான பள்ளிகளில் தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. அரசுத் துறைகளில் ‘நாற்காலி பின்னுநர்’ என்ற பணியிடமும் பார்வையற்றோருக்குரியதாகக் கருதப்பட்டது. பிளாஸ்டிக் வந்தபின் அந்த வேலைவாய்ப்பு சுருங்கிப்போனது. நாற்காலியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிரம்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் சட்டம் பொதுவாக இல்லை. அதிகாரிக்குக் கைப்பிடியும் உயர்ந்த முதுகும் உள்ள நாற்காலி. எழுத்தருக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. கடைநிலை ஊழியருக்குக் கதவருகே ஸ்டூல். மனுக் கொடுக்க வந்தவருக்கு எதுவும் இல்லை. வட இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரியைப் பார்க்கச் செல்லும்போது நாற்காலியில் அமரத் தகுதி உடையவர் என்பதைக் குறிக்கும் ‘குர்சி நஷீன்’ என்ற சிறப்புரிமையே வழங்கப்பட்டது. உட்காருவதற்கும் ஒரு சான்றிதழ்!

அரசு அலுவலக நாற்காலியின் முதுகில் விரிக்கப்படும் வெள்ளைத் துண்டும் இந்த வரிசையில் சேர்ந்ததே. வேர்வையை உறிஞ்சவும், தலை எண்ணெய் நாற்காலியில் படியாமல் இருக்கவும் போடப்பட்ட அத்துண்டு, குளிரூட்டி வந்த அறைகளிலும் அகலாமல் பதவியின் அடையாளமாகத் தங்கிவிட்டது.

சுழற்சி, சக்கரம், இரும்புக் குழாய்

மேற்கு நாடுகளில் இதே காலத்தில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. இருப்புப்பாதை, வங்கி, காப்பீடு ஆகிய தொழில்கள் பெருகியபோது எழுத்தர்களின் எண்ணிக்கையும் பெருகியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தர்கள் உயரமான சாய்வு மேசை முன் நின்றோ, உயரமான ஸ்டூலில் ஏறி அமர்ந்தோ எழுதினர். ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பவும் நகரவும் வேண்டிய தேவை வந்தபோது சுழலும் இருக்கை பயனுள்ளதானது. இயற்கையியலாளர் சார்லசு டார்வின் தம் ஆய்வறையில் விரைவாக நகர்வதற்காகத் தம் நாற்காலியில் சக்கரம் பொருத்திக்கொண்டார் என்பர்.

அமெரிக்காவின் தாமசு வாரன் 1849-இல் வடிவமைத்த நாற்காலி சுழலும், சாயும், சக்கரத்தில் உருளும். இருக்கையின் அடியில் எஃகு வில்கள் இருந்தன. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆனாலும் அங்கே பெரிதாக விலைபோகவில்லை. நிமிர்ந்து விறைப்பாக அமர்வதே ஒழுக்கம் என்று கருதிய அக்காலத்தில், இவ்வளவு வசதி தகாது என்று எண்ணினார்களாம்.

கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் 1930-களில் ஜான்சன் வாக்சு நிறுவனத்திற்காக மூன்று கால் நாற்காலி ஒன்றை வடிவமைத்தார். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நேராக அமர்ந்தால்தான் அது நிற்கும், சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். பிற்பாடு அதற்கு நான்காவது கால் சேர்க்க வேண்டியதாயிற்று. உடலுக்கு நாற்காலியைப் பொருத்தாமல் நாற்காலிக்கு உடலைப் பொருத்த முயன்றதன் விளைவு அது.

1920-களில் செருமனியில் மார்செல் புரோயர் போன்றோர் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்யத் தொடங்கினர். மிதிவண்டியின் கைப்பிடியே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்ததாகச் சொல்வார்கள். இந்தியாவில் பூட்டு செய்யத் தொடங்கி 1920-களில் இரும்பு அலமாரிக்கு வந்த பம்பாயின் கோத்ரெஜ் நிறுவனம் பின்னர் குழாய் நாற்காலிகளையும் செய்தது. நாடு முழுவதும் அரசு அலுவலகங்கள், வங்கிகள், பள்ளிகளில் அந்த வடிவமும் அதைப் பார்த்து உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்பட்டவையும் பரவின. தமிழ்நாட்டில் அதே குழாய்ச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயரைப் பின்னிய ‘ஒயர் சேர்’ பெருவழக்காயிற்று. பிரம்பின் இடத்தை ஒயர் பிடித்ததே தவிர, காற்று புகும் பின்னல் என்ற கருத்து மாறவில்லை. பின்னர் வந்த ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி விலையில் எல்லாவற்றையும் வென்றது. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் தட்டச்சு செய்பவர் முதல் ஊராட்சி அலுவலகம் வரை இன்று அதுவே காணப்படுகிறது.

சண்டிகர் நகரின் அரசுக் கட்டடங்களுக்காக 1950-களில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு–பிரம்பு நாற்காலியின் கதை தனி. கவிழ்த்த ‘வி’ வடிவக் கால்களைக் கொண்ட அவற்றை உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்தனர். பழையதாகிவிட்டன என்று அலுவலகங்கள் அவற்றைக் கழித்து ஏலம் விட்டன. வாங்கியவர்கள் செப்பனிட்டு வெளிநாடுகளில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். 2011-இல்தான் ஒன்றிய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது.

உடலை அளந்த நாற்காலி

தட்டச்சுப் பொறியும், பின்னர் கணினியும் மனிதரை ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்கார வைத்தன. முதுகுவலி ஒரு தொழில்நோயாகக் கருதப்பட்டது. வில்லியம் இசுடம்ப் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உடலமைப்பு ஆய்வுகளின் அடிப்படையில் உருவாக்கிய ‘எர்கான்’ நாற்காலி 1976-இல் வெளிவந்தது. அவரும் டான் சாட்விக்கும் சேர்ந்து வடிவமைத்த ‘ஏரான்’ 1994-இல் வந்தது. இதில் மெத்தையே இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் இருக்கை. உடல் சூடு வெளியேறும்; எடைக்கேற்ப வலை தாழ்ந்து கொடுக்கும். புதுமை என்று உலகம் கொண்டாடிய இந்தக் கருத்து, கச்சேரி எழுத்தருக்குப் பிரம்பு தந்த அதே வசதிதான்.

இன்றைய நாற்காலியின் இரு உறுப்புகளைப் புரிந்துகொள்வது பயன்தரும். நடுத்தண்டுக்குள் அழுத்தப்பட்ட நைட்ரசன் வளிமம் உள்ளது. நெம்பைத் தூக்கும்போது உள்ளிருக்கும் அடைப்பான் திறக்கிறது. உடல் எடை இல்லையென்றால் வளிமம் இருக்கையை மேலே தள்ளும். எடை இருந்தால் இருக்கை கீழே இறங்கும். நெம்பை விட்டதும் அடைப்பான் மூடி அந்த உயரத்திலேயே நிற்கும். வளிமத்தால் இயங்கும் இதை ‘ஹைட்ராலிக்’ என்பது வழக்கில் வந்த தவறான பெயர். அடித்தளத்தில் நான்குக்குப் பதில் ஐந்து கிளைகள் வைப்பதற்குக் காரணம், பக்கவாட்டில் சாயும்போது அருகருகே உள்ள இரு சக்கரங்களை இணைக்கும் கோடு மையத்திலிருந்து மேலும் தள்ளிப் போவதாகும். இதனால் கவிழ்வது குறைகிறது.

நாற்காலி சரியான உயரத்தில் இருந்தால் பாதம் முழுதும் தரையில் படியும். தொடை ஏறத்தாழத் தரைக்கு இணையாக இருக்கும். இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தாது. மேற்கத்திய உடல் அளவுகளில் செய்யப்பட்ட நாற்காலியில் நம்மவர் பலர், குறிப்பாகப் பெண்கள், அமர்ந்தால் கால் தொங்கும். கால் தொங்கினால் விளிம்பு தொடையை அழுத்தி இரத்த ஓட்டம் தடைப்படும். இதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து அமர்வார்கள். அப்போது முதுகுத்தாங்கி பயனற்றதாகிவிடும். இந்தியர்களின் உடல் அளவுகளை வடிவமைப்பாளர்களுக்கென விரிவாகத் தொகுத்த தேவகுமார் சக்கரவர்த்தியின் நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல்தான் வெளியிட்டது. அதாவது, விடுதலைக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் அலுவலகங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் அளவுக்குச் செய்த நாற்காலிகளிலேயே நடந்தன.

மதுரையில் இலந்தைகுளம், வடபழஞ்சி ஆகிய இடங்களில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைந்துள்ளன. அங்குள்ள இளைஞர்கள் அமரும் சக்கர நாற்காலியும், சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராம நிருவாக அலுவலர் அமரும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரே காலத்தவை.

ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலி

நாற்காலியின் மற்றொரு வேலையான பதவியைக் காட்டுதல் உயிர்ப்பலி வரை சென்ற இடங்களும் மதுரையைச் சுற்றியே உள்ளன. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்திற்குப் பின் 1996-இல் தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, சில ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மேலூர் அருகே மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30 அன்று மேலும் ஐவருடன் படுகொலை செய்யப்பட்டார். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் இருக்காது. வென்றவர் உடனே பதவி விலகிவிடுவார். மாவட்ட ஆட்சியராக த. உதயச்சந்திரன் இருந்தபோது 2006-இல் அங்குத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

பதவியேற்றால் மட்டும் நாற்காலி கிடைத்துவிடுவதில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்த படம் வெளிவந்தது. காவல்துறை வழக்குப் பதிந்தது. ஊராட்சிச் செயலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அங்கே மறுக்கப்பட்டது சில நூறு ரூபாய் விலையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி.

உட்காரும் உரிமை

அலுவலகத்தில் உட்கார்ந்தே இருப்பதால் வரும் நோயைப் பற்றிப் பேசும் அதே காலத்தில், உட்காரவே முடியாமல் வேலை செய்வோரும் உள்ளனர். துணிக்கடை, நகைக்கடைப் பணியாளர்கள் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கிறார்கள். கால் வீக்கம், நரம்பு சுருண்டு புடைத்தல், இடுப்புவலி ஆகியவை இதனால் வருகின்றன. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று கருதும் வழக்கமே இதற்கு அடிப்படை. முற்காலக் கச்சேரியில் மனுதாரர் நின்றதும் இதே எண்ணத்தால்தான்.

இங்கிலாந்தில் 1899-இலேயே கடைகளில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு வாய்ப்புள்ளபோது உட்கார வசதி தர வேண்டும் என்றது. ஆனால் கடைகள் அச்சட்டத்தின் கீழ் வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டின் விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பினர் நெடுங்காலம் போராடியதன் பயனாக 2018-இல் அம்மாநிலக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் கொண்டுவந்த சட்டமுன்வடிவு நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்று அது கூறுகிறது.

‘தகுந்த’ இருக்கை எது என்பது வடிவமைப்புக் கேள்வி. கடை மேடைகள் நிற்பவரின் இடுப்பு உயரத்திற்குக் கட்டப்பட்டவை. சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்தால் பணியாளர் மேடைக்குக் கீழே மறைந்துபோவார். வாடிக்கையாளர் வந்ததும் எழ வேண்டும். மறுபடி அமர வேண்டும். மேடையின் பின்னால் துணி அடுக்குக்கும் ஆளுக்கும் இடையே உள்ள இடைவெளியோ மிகக் குறுகியது. அங்கே முதுகுத்தாங்கியும் கால் வைக்க ஒரு குறுக்குக் கம்பியும் உள்ள உயரமான ஒடுங்கிய இருக்கை வேண்டும். பயன்படுத்தாதபோது மேடைக்கு அடியில் தள்ளிவிடவோ, சுவரில் மடக்கிவிடவோ முடிய வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் சாய்வு மேசை முன் எழுத்தர் ஏறி அமர்ந்த உயர ஸ்டூலுக்கு மிக நெருக்கமான வடிவம் இது.